இன்கமிங் வர மாசம் 199 ரூபாயா? பாலவனத்தத்துக் கரிசலில் இருந்து ஒரு ரீசார்ஜ் கணக்கு



உலகத்திலேயே இந்தியாவில்தான் டேட்டா மலிவு என்று ஒன்றிய அரசு மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறது. அதைப் பொய் என்று நாம் சொல்லப் போவதில்லை. 2014-ல் ஒரு ஜிபி டேட்டா சராசரியாக 269 ரூபாய். இன்னைக்கு பத்து ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. வீடியோ பார்க்கிறவருக்கு, ரீல்ஸ் போடுகிறவருக்கு, வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவருக்கு இது லாபம்தான்.

ஆனால் இன்னொரு விலை இருக்கு. அதை எந்த மேடையிலும் யாரும் சொல்றதில்லை. அது சிம்மை உயிரோடு வைத்திருக்கிற விலை. ஒரு கால்கூடப் பேச வேண்டாம், ஒரு எம்பி டேட்டாகூட வேண்டாம், பிள்ளை கூப்பிட்டால் மணி அடிக்கணும், பேங்க் மெசேஜ் வரணும், அவ்வளவு போதும் என்று இருப்பவர் கட்ட வேண்டிய விலை. அது எப்படி ஏறியிருக்கு என்று பாருங்க:

▪ 2018 கடைசி: மாதக் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்ற ஒன்றை ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் கொண்டுவந்தபோது 35 ரூபாய்.
▪ 2021 ஜூலை: ஏர்டெல் 49 ரூபாய் பிளானை எடுத்துவிட்டது. ஆரம்பமே 79 ரூபாய்.
▪ 2021 நவம்பர்: 99 ரூபாய்.
▪ 2024 ஜூலை: 199 ரூபாய்.

எல்லாமே 28 நாளுக்கு. ஆறு வருஷத்துக்குள்ள ஐந்தரை மடங்குக்கு மேல். 35 ரூபாய் பிளானில் கொஞ்சம் டாக்டைம்தான் இருந்தது, 199-ல் அன்லிமிடெட் கால், 2 ஜிபி டேட்டா எல்லாம் இருக்கு என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கேட்காதவர் இலையிலும் பிரியாணியை வைத்துவிட்டு, கஞ்சி மட்டும் கேட்டவரிடமும் பிரியாணிக்குக் காசு வாங்கினால் அதுக்குப் பேர் என்ன? வீட்டுக்குள் இருக்கும் சாமானின் விலையைக் குறைத்துவிட்டு, வாசல்படிக் கட்டணத்தை ஏற்றியிருக்கிறார்கள். இன்றைய பதிவு அந்த வாசல்படியைப் பற்றியது.

📌 பாலவனத்தத்தில் இந்த 199 என்ன செய்யுது?

விருதுநகர் – அருப்புக்கோட்டை ரோட்டில் போகிறவர்களுக்குப் பாலவனத்தம் தெரியும். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரின் ஊர். அங்கிருந்து அருப்புக்கோட்டை தாண்டி திருச்சுழி வரைக்கும் பெரும்பாலும் வானம் பார்த்த கரிசல். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கணும். தை, மாசியில்தான் கையில் காசு. பருத்தி, சோளம், மிளகாய், பயறு. மழை பொய்த்தால் கருவேலங்கட்டை வெட்டி மூட்டம் போட வேண்டியதுதான். பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை, வளைகுடா என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒன்றிய அரசே 2018-ல் 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று பட்டியலில் வைத்த மாவட்டம் நம்ம விருதுநகர்.

இங்கே ஒரு அப்பத்தா கையில் பட்டன் போன் எதுக்கு இருக்கு? திருப்பூரில் இருக்கும் மகன் ராத்திரி ஒரு தடவை கூப்பிடுவான். உரிமைத்தொகையோ முதியோர் பென்ஷனோ அக்கவுண்ட்டில் ஏறினால் மெசேஜ் வரும். கேஸ் புக் பண்ணினால் ஓடிபி வரும். அவ்வளவுதான். அந்த அப்பத்தாவுக்கு 28 நாளைக்கு ஒரு தடவை 199. வருஷத்துக்கு 12 தடவை இல்லீங்க, 13 தடவை. மொத்தம் 2,587 ரூபாய். வீட்டில் மூணு போன் என்றால் 7,761 ரூபாய். ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, அந்த ஆயிரம் வந்துவிட்டது என்று சொல்லும் போனுக்கே போயிடுது!

📌 முன்னாடி இன்கமிங் எப்படி இலவசமா வந்துச்சு?

இதைப் புரிந்துகொண்டால்தான் மீதிக் கணக்கு விளங்கும். கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

1995-ல் செல்போன் வந்த புதுசில் ஒரு நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை போச்சு. வந்த காலுக்கும் காசு. நம்ம ஊர்க்காரர்கள் அப்போது மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்தில்தான் நின்றார்கள். ராத்திரி நேரமானால் கட்டணம் கால் பங்கு என்பதால் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வரிசையில் நின்ற காலம் அது.

2003 மே மாதம் பெரிய மாற்றம் வந்தது. கூப்பிடுகிறவர்தான் காசு கட்டணும், வாங்குகிறவருக்கு இலவசம். அதில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. திருப்பூரில் இருக்கும் மகன் ஒரு கம்பெனி சிம், அப்பத்தா வேறு கம்பெனி சிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் பேசும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் மகனின் கம்பெனி அப்பத்தாவின் கம்பெனிக்கு ஒரு தொகை கொடுக்கணும். இணைப்புக் கட்டணம் என்று பேர். எவ்வளவு என்று டிராய் நிர்ணயித்தது. 2009-ல் 20 காசு, 2015-ல் 14 காசு.

அதாவது அப்பத்தா ஒரு பைசா செலவு பண்ணாவிட்டாலும், அவருக்கு வரும் கால்களால் அவருடைய கம்பெனிக்கு வருமானம் இருந்தது. அதனால்தான் 2005 கடைசியில் 999 ரூபாய் கட்டினால் 'லைஃப்டைம்' என்று கூவிக் கூவி சிம் விற்றார்கள். மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய காலம் ஞாபகம் இருக்கா? மிஸ்டு கால் கொடுத்தவருக்குச் செலவில்லை. அதைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டவர் காசில்தான் கம்பெனிகள் ஓடின.

2017 அக்டோபரில் டிராய் அந்த 14 காசை 6 காசாக இறக்கியது. 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். இதனால் கால் கட்டணம் குறைந்தது என்பது உண்மை. ஆனால் அன்றைக்கே அப்பத்தா கம்பெனி கணக்கில் வருமானம் தராத சுமையாகிவிட்டார். 6 காசாக இறங்கிய அடுத்த வருஷம் 35 ரூபாய்க் கட்டாய ரீசார்ஜ் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'லைஃப்டைம்' வாங்கினவர்களின் ஆயுசு கெட்டியாக இருந்தது. பிளானின் ஆயுசுதான் முடிந்துபோச்சு.

ஒரு கட்டணத்தைப் பூஜ்யமாக்கிய டிராய், அதனால் யார் வாசலில் பாரம் இறங்கும் என்று பார்த்து அங்கே ஒரு தடுப்பு வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நம்ம கேள்வியின் மையம் இதுதான்.

📌 விலை ஏறினா விட்டுட்டுப் போக முடியுமா?

தக்காளி விலை ஏறினால் புளியை வைத்துச் சமாளிக்கலாம். மிளகாய் விலை ஏறினால் ரெண்டு கிள்ளு குறைச்சுப் போடலாம். போனில் அது நடக்காது. ஏன் என்றால் போனைக் கட்டாயமாக்கியதே அரசாங்கம். ஆதாருக்கு நம்பர், பேங்குக்கு நம்பர், ரேஷன் கார்டுக்கு நம்பர், கேஸுக்கு நம்பர், பிள்ளை ஸ்காலர்ஷிப்புக்கு நம்பர். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியில் இருந்து வருகைப்பதிவே செல்போன் ஆப்பில்தான். நம்பர் செத்துப்போனால் ஓடிபி வராது. ஓடிபி வராவிட்டால் சொந்தக் காசே கைக்கு வராது.

வாங்குகிறவர் விலகிப் போக முடியாத பொருளுக்கு, விற்கிறவர் இஷ்டத்துக்கு விலை வைக்கலாம் என்பதுதான் இன்றைய சட்ட நிலை. செல்போன் கட்டண விஷயத்தில் டிராய் பல வருஷமாகத் தலையிடுவதில்லை. கம்பெனி விலையை வைக்கும்; வைத்த ஏழு வேலை நாளுக்குள் டிராய்க்குத் தெரிவித்தால் போதும். பத்து, பன்னிரண்டு கம்பெனி போட்டி போட்ட காலத்தில் அதில் ஒரு நியாயம் இருந்தது. ஒருத்தர் ஏற்றினால் அடுத்தவரிடம் போகலாம். இன்றைக்கு எத்தனை பேர் இருக்காங்க?

ஏர்செல் ஞாபகம் இருக்கும். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி, இந்த மாநிலத்தின் மூலைமுடுக்கெல்லாம் சிம் விற்ற நிறுவனம். 2018 பிப்ரவரியில் டவர் டவராக அணைந்தது. நம்பரை மாற்றக்கூட முடியாமல் ஷோரூம் வாசலில் ஜனங்கள் திண்டாடினார்கள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் போச்சு. டாடா டோகோமோ ஏர்டெல்லில் கரைந்தது. வோடபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாச்சு. அப்படியும் கடனில் தள்ளாடுது. மிச்சம் ரெண்டு பெரியவர்கள், ஒரு நோயாளி, அரசாங்கத்தின் பி.எஸ்.என்.எல். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றினார்கள். கூடிப் பேசி ஏற்றினார்கள் என்று நாம் சொல்லவில்லை. கூடிப் பேசவே தேவையில்லாத அளவுக்குச் சந்தை சுருங்கிப்போச்சு என்கிறோம்.

அந்த ஜூலையில் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. ஒரே மாசத்தில் மூன்று தனியார் கம்பெனிகளும் வாடிக்கையாளர்களை இழந்தன, பி.எஸ்.என்.எல்.-லுக்கு 29 லட்சத்துக்கு மேல் புதிதாக வந்தார்கள். டிராய் வெளியிட்ட கணக்கு இது. ஆனால் வந்தவர்களைத் தக்கவைக்க பி.எஸ்.என்.எல்.-லிடம் 4ஜி இல்லை. தனியாருக்கு 2012-லேயே 4ஜி ஆரம்பிச்சாச்சு. பி.எஸ்.என்.எல்.-லுக்கு அலைக்கற்றை தரும் முடிவே 2019-ல்தான் வந்தது. உள்நாட்டு 4ஜி நாடு முழுக்கத் தொடங்கப்பட்டது 2025 செப்டம்பர் 27. பந்தயம் முடியும் நேரத்தில் குதிரைக்கு லாடம் அடிச்ச கதை! பி.எஸ்.என்.எல்.-லும் குறையில்லாதது இல்லை. சில பிளான்களில் ரூபாயை அப்படியே வைத்துவிட்டு நாளைக் குறைத்தது. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

📌 டிராய் 2024 டிசம்பரில் ஒரு உத்தரவு போட்டதே?

போட்டது. நல்ல உத்தரவுதான். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் தனியாக இருக்கணும் என்று 2024 டிசம்பர் 23-ல் சொன்னது. ஆனால் விலை என்ன என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையில் என்ன நடந்தது?

2025 ஜனவரியில் ஜியோ 84 நாளுக்கு 458, வருஷத்துக்கு 1,958 என்று வைத்தது. ஏர்டெல் 499, 1,959. டேட்டாவை எடுத்தாச்சு, விலை பெயருக்குத்தான் இறங்கியது. டிராய், இந்தப் பிளான்களை ஆராய்வோம் என்று ஒரு வார்த்தை சொன்னது. சில நாளில் ஜியோ 448, 1,748 என்று இறங்கியது (1,748-க்கு 336 நாள்). ஏர்டெல் 469, 1,849 ஆனது. உத்தரவு இல்லை, அபராதம் இல்லை. பார்க்கிறோம் என்று சொன்னதுக்கே இவ்வளவு இறக்கம்! நிஜமாகவே பார்த்திருந்தால்?

இதில் இன்னொரு அநியாயம். 199-ஐ 28 நாளுக்குக் கட்டுகிறவருக்கு ஒரு நாளைக்கு 7 ரூபாய் 11 காசு. 1,849-ஐ மொத்தமாகக் கட்டுகிறவருக்கு 5 ரூபாய் 7 காசு. கையில் ரெண்டாயிரம் இருப்பவருக்கு மலிவு; அன்றாடம் காய்ச்சிக்கு விலை அதிகம். சில்லறையாக எண்ணெய் வாங்குகிற வீட்டுக்குத்தான் எண்ணெய் விலை கூட என்பது நம்ம தெருக்கடையில் தெரிந்த சங்கதி. ஆனால் கடைக்காரருக்காவது அளந்து ஊற்றும் வேலை இருக்கு, சிந்துகிற நஷ்டம் இருக்கு. சிம்மில் நாளைப் பிரித்துக் கொடுக்க என்ன சிந்துது?

கம்மி விலையில் தரவே முடியாதா என்று கேட்டால், முடியும் என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள். ஜியோபாரத் பட்டன் போன் வாங்கினால் 28 நாளுக்கு 123 ரூபாய் பிளான் உண்டு, அதில் டேட்டாவும் உண்டு. 2024 ஜூலை உயர்விலும் இதைத் தொடவில்லை. ஆனால் அந்தப் போனில் வேறு கம்பெனி சிம் வேலை செய்யாது. தன் கூண்டுக்குள் வருகிறவருக்கு ஒரு விலை, வெளியே நிற்கிறவருக்கு ஒரு விலை.

📌 கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கு. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நம்ம வழக்கமில்லை. டவருக்கு, அலைக்கற்றைக்கு, 5ஜிக்கு லட்சம் கோடிகளில் முதலீடு. வருவாயில் 8 சதவீதம் லைசென்ஸ் கட்டணமாக ஒன்றிய அரசுக்குப் போகுது. 2019 அக்டோபர் 24-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஏ.ஜி.ஆர். தீர்ப்பால் பழைய பாக்கி தலைக்கு மேல். இதற்கு மேல் நம்ம ரீசார்ஜில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அப்பத்தா கட்டும் 199-ல் சுமார் 30 ரூபாய் வரி!

செலவு இருக்கு என்பது சரி. ஆனால் அந்தச் செலவை யாரிடம் எப்படிப் பிரித்து வாங்கணும் என்பதுதான் கேள்வி. ஊரில் டவர் நின்றாச்சு என்றால், அதில் ஒரு அப்பத்தாவின் சிம் சும்மா படுத்திருப்பதால் கூடுதல் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 5ஜி முதலீட்டை 5ஜி ஓட்டுகிறவரிடம் வாங்கட்டும். பட்டன் போனிடம் எதுக்கு?

ஒன்றிய அரசின் இடத்தையும் பாருங்க. அலைக்கற்றையை விற்பது அது. வரி வாங்குவது அது. பி.எஸ்.என்.எல். முதலாளி அது. 2025 ஏப்ரலுக்குப் பிறகு வோடபோன் ஐடியாவில் ஏறக்குறைய 49 சதவீதப் பங்குதாரரும் அது. விலை ஏறினால் லாபம் பார்க்கும் பக்கத்தில் நாலு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஜனங்கள் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டது.

📌 நாம் கேட்பது என்ன?

1️⃣ டிராய் சட்டம் 11(2) பிரிவு கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை. இன்கமிங், பேங்க் மற்றும் அரசு எஸ்.எம்.எஸ்., கொஞ்சம் அவுட்கோயிங் அடங்கிய ஓர் அடிப்படை ரீசார்ஜுக்கு உச்சவரம்பு வைக்கணும். வரியோடு சேர்த்து மாதம் 50 ரூபாய்க்குள் என்பது நம் கோரிக்கை.

2️⃣ 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் நம்பரை ரத்து செய்யக் கூடாது என்று டிராய் விதி இருக்கு. ஆனால் நம்பர் இருந்து என்ன பயன், மணி அடிக்கலையே! வேலிடிட்டி முடிந்தாலும் 90 நாள் வரை இன்கமிங்கும் ஓடிபியும் நிற்கக் கூடாது.

3️⃣ மாதம் என்றால் காலண்டர் மாதம். 30 நாள் பிளான் ஒன்றாவது வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் சொன்னது. அது மலிவான பிளானிலேயே வரணும். மொத்தமாகக் கட்டினால் என்ன நாள் விலையோ, மாதாமாதம் கட்டுகிறவருக்கும் அதே நாள் விலை.

4️⃣ அடிப்படை ரீசார்ஜுக்கு ஜி.எஸ்.டி. கூடாது.

5️⃣ நஷ்டம் வருது என்றால் டிஜிட்டல் பாரத் நிதியில் இருந்து ஈடு செய்யுங்கள். கம்பெனிகள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை இந்த நிதிக்குத்தான் செலுத்துகின்றன. அதன் நோக்கமே கிராமத்துக்கும் ஏழைக்கும் போன் சேர்ப்பது. சந்தைப் பொருளாதாரத்தின் தாய்வீடான அமெரிக்காவிலேயே 1985-ல் இருந்து 'லைஃப்லைன்' திட்டம் இருக்கு. ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 9.25 டாலர் வரை கட்டணத்தில் கழிவு. அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

📌 நாம் சொன்னா கேட்பாங்களா?

கேட்ட வரலாறு இருக்கு. 2015-ல் இணையச் சமநிலைப் பிரச்சினை வந்தபோது பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் டிராய்க்குப் போச்சு. ஃபேஸ்புக் எவ்வளவோ விளம்பரம் பண்ணியும், 2016 பிப்ரவரி 8-ல் பாரபட்சமான டேட்டா கட்டணத்துக்கு டிராய் தடை போட்டது. கட்டணத்தில் தலையிட மாட்டோம் என்ற கொள்கை அன்றைக்கு எங்கே போச்சு? ஜனங்கள் தட்டினால் கதவு திறக்கும். அன்றைக்குத் தட்டியவர்கள் பெரும்பாலும் நெட் வசதி உள்ளவர்கள். பட்டன் போன்காரர்களுக்கு மின்னஞ்சல் கிடையாது. அவர்களுக்காக நாம்தான் தட்டணும்.

தொலைபேசி ஒன்றிய அரசுப் பட்டியலில் உள்ள விஷயம். மாநில அரசு சட்டம் போட முடியாது. ஆகவே இது எம்.பி.க்கள் பேச வேண்டிய பிரச்சினை. உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, மனு கொடுங்கள். டிராய் ஆலோசனைத் தாள் வெளியிடும்போது யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். அந்த நேரம் கிளைதோறும் கையெழுத்து வாங்கி அனுப்புவோம்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. இன்றைக்கு ராத்திரி உங்க வீட்டில், பக்கத்து வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர்களைக் கேளுங்க. கடைசி ரீசார்ஜ் எவ்வளவு, எத்தனை நாளுக்கு, அதில் டேட்டா எவ்வளவு பயன்பட்டது? பேரோ நம்பரோ வேண்டாம். ஊர், தொகை, நாள் மட்டும் போதும். கீழே எழுதுங்க. மனுவோடு அந்தக் கணக்கும் போகும்.

மழை பொய்த்தால் கரிசல்காரன் வானத்தைத்தான் பார்க்க முடியும், யாரிடமும் மனு கொடுக்க முடியாது. ரீசார்ஜ் விலை வானத்திலிருந்து வரவில்லை. மனுஷன் வைத்த விலை, மனுஷன் இறக்கலாம்.

பகிருங்கள், பேசுங்கள்.

#மணிஅடிக்கும்உரிமை